துளசித் தொட்டியில் கடுகு

14-7-98, செவ்வாய்
விடாத தூறல். வீட்டருகே கட்கியில் பஸ் கிடைக்காமல் ரஞ்சன்காவ் மூலிகைப் பண்ணைக்கு ஒரு மணி நேரம் லேட்.

சர்ப்பகந்தா வயலில் நாலு இடத்தில் செடி வாட்டம். ரத்தக்கொதிப்பு மருந்துக்கு வேர் எடுக்கும் செடி, வேரே போனால் எல்லாம் போச்சு. பிடுங்கிப் பார்த்தேன். வேர்க்கழுத்தில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, அதில் கடுகு மாதிரி பழுப்பு மணிகள். மைக்ரோஸ்கோப்பே வேண்டாம், வேரழுகல் பூஞ்சை ஸ்கிளிரோஷியம்தான். மணி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். பார்த்தவுடன் பெயர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. அற்பம்.

மேனேஜர் சாஹேப் தண்ணீர் பாய்ச்சும் சகுபாயைப் பிடித்துக்கொண்டார், அதிகம் விட்டு அழுகவைத்தாளாம். அவள் என்னைப் பார்த்து, "மீ காய் பீ நாய் கேலம், தாயி." நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா என்று. நான் பிடுங்கிய செடியைப் பைக்குள் போட்டேன்.

வாங்க: ரவை, கொசுவத்தி, குடைக்கம்பி மாற்ற.

16-7, வியாழன்
வீட்டுத் துளசி தலை தொங்கிவிட்டது.

இவர்: "மழத்தண்ணி நின்னுருக்கும். சோடு, விட்டுத்தள்ளு, ஞாயித்துக்கெழம கேம்ப் மார்க்கெட்ல வேற வாங்கிக்கலாம்."

விரலால் மண்ணை விலக்கினேன். வெள்ளை நூல். கடுகு.

ரெண்டு வாரம் முன்பு பண்ணைக் களைக்கொத்தியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து இந்த மண்ணைத்தான் கிளறினேன். கூராக இருக்கிறதே என்று. மாதிரிச் செடி தோண்டுவதும் அதே களைக்கொத்திதான்.

17-7, வெள்ளி
வயலைச் சுற்றினேன். வாடிய நாலு இடத்திலும் நான் போன முறை மாதிரிச் செடி தோண்டிவிட்டு நட்ட அடையாளக் குச்சி. என் கையெழுத்தில் எண். குச்சி இல்லாத இடத்தில் செடி ஜோராக நிற்கிறது.

ஒவ்வொரு குழிக்கும் களைக்கொத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் அதோடு அடுத்த குழிக்குப் போகும். ஜூன் தொடக்கத்திலேயே பாட்டில் காலி. ஸ்டோரில் கேட்டால் "மறுபடியுமா மேடம்?" என்பான். அதற்குக் கூச்சப்பட்டு ஈரத்துணியால் துடைத்தேன். நோயைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.



18-7, சனி
சகுபாயைத் திங்கள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வேப்பமரத்தடியில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கக்கூஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். பயமாக இருக்கிறது, வேறென்ன எழுத.

இவரிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத. வேல போயிடும்."

19-7, ஞாயிறு
துளசியை மண்ணோடு எரித்தேன். ஈரம், பாதிதான் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "துளசியப் போய் யாராச்சும் கொளுத்துவாங்களா?"

20-7, திங்கள்
காபி மட்டும். களைக்கொத்தியைப் பாலித்தீனில் சுற்றி சாஹேப் மேஜையில் வைத்தேன். தண்ணீர் இல்லை, சகுபாய் இல்லை, நான்தான், ஸ்பிரிட் போடாமல் தோண்டினேன் என்றேன். ஹிந்தி குளறியது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சகுபாயைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஸ்பிரிட் தீர்ந்த பிறகு, நமக்குச் செடி வளர்த்துத் தரும் விவசாயிகளில் எந்தெந்த வயலுக்கு இதோடு மாதிரி எடுக்கப் போனீர்கள் என்றார்.

நம் வயலைத் தவிர வேறெதையும் நான் நினைத்தே பார்க்கவில்லை.

சொல்ல ஆரம்பித்தேன். பாபுராவ். அவர் தம்பி. கிணற்றடி விதவை அம்மாள். ஒன்பதாவது பெயரில் சாஹேப் பேனாவைக் கீழே வைத்தார். இன்னும் உண்டா?

டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் பக்கங்கள். எல்லாவற்றிலும் ஒரு வயல்.