பானட்டில் வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை. காலையில் வண்டியைக் கழுவிவிட்டு டேஷ்போர்டுப் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். இன்சூரன்ஸ் தாள், போன வருஷத்து எலுமிச்சம்பழம் கல்லாகிப்போய் ஒன்று, அதற்குப் பின்னால் அரைச் செருப்பு. நீல ரப்பர் செருப்பின் குதிகால் பக்கம். அடியில் பெயின்ட் தேய்க்கிற வாட்டர் பேப்பர் ஒரு துண்டு மொட்டையாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரு செருப்புங்க அது? நல்ல நாளும் அதுவுமா கையில வெச்சிக்கினு நிக்கிறீங்க. தூக்கிக் கடாசுங்க" என்றாள் என் மனைவி.

"செருப்பு இல்லடி, ஆயுதம்" என்றேன். காலையிலேயே இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துவிட்டு, சாயத் தொட்டிகளைக் கழுவப் போய்விட்டாள். நான் அந்த அரைச் செருப்போடு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன், பாய்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். பத்தாவதில் கணக்கில் இரண்டு பேருமே கோட்டை விட்டோம். நீ மெட்ராசுக்குப் போய் கார் பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்து செவிலிமேடு போகிற வழியில் ஷெட் போட்டாய். நான் எங்கப்பாவின் சாயப்பட்டறையில் பட்டு நூலை முக்கி எடுக்க உட்கார்ந்தேன். உனக்கும் வண்ணம்தான் பிழைப்பு, எனக்கும் வண்ணம்தான். அதனால் உன் தொழிலில் பாதி எனக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்கு. வந்த வினையெல்லாம் அந்த நினைப்பால் வந்ததுதான்.

அந்தப் பழைய அம்பாசடரை நான் வாங்கியபோதே நீ சிரித்தாய். பட்டு நூல் மூட்டையும் அரிசி மூட்டையும் ஏற்றியே அது கிழடாகிவிட்டது. என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும், "அப்பா, வாடகைக் கார் வேணாம்பா. நம்ம வண்டியிலயே போறேன். ஆனா இந்த மூஞ்சியோட வேணாம்" என்றாள். நான் நேரே உன்னிடம் வந்தேன்.

உனக்கு அப்போதுதான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். துபாயிலிருந்து உன் மகன் போன் மேல் போன் போட்டு, போதும் உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நீ வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்துக்கு மேல் உப்பியிருந்த துருவை நகத்தால் கீறினாய்.

"செய்றேன்பா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது நல்லா வந்துச்சுன்னா எனக்கு இன்னும் கை இருக்குதுன்னு அர்த்தம். வரலன்னா ஷெட்ட இழுத்துப் பூட்டிட்டு ஊட்ல உக்காந்துடுவேன். அதுக்கு மேல எவனையும் கேக்கமாட்டேன்."

"ஒரு வாரத்துல முடிஞ்சுடுமா?" என்று கேட்டேன்.

முதல் ஒரு மாதம் நீ பெயின்ட் டப்பாவையே திறக்கவில்லை. கதவு, கைப்பிடி, விளக்கு, கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தாய். "டேப்பு ஒட்டி அடிக்கலாமே பாய்" என்று யோசனை சொன்னேன். "அடிக்கலாம். ஆறு மாசத்துல அந்த ஓரத்துலர்ந்து உரிஞ்சுக்கினு வரும். உன் பொண்ணு மாமியார் ஊட்லர்ந்து திரும்பி வர்றதுக்குள்ள வண்டி தோலு உரிச்சுடும், பரவால்லியா?" என்றாய்.

பழைய பெயின்டைச் சுரண்ட, வெள்ளைக்கு அடியில் கறுப்பு வந்தது, கறுப்புக்கு அடியில் ஒரு பச்சை. கடைசியில் வெறும் தகரம் பளிச்சென்று வந்தது. துருப் பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்கச் செய்தாய். நெளிந்த இடத்தை உள்பக்கமிருந்து சுத்தியலால் தட்டித் தட்டிக் கொண்டுவந்தாய். அதற்கு மேல் பட்டி தடவியதைப் பார்த்தால் குழந்தைக்குப் பவுடர் போட்டதுபோல் இருந்தது. பிறகு பிரைமர். அதன் மேல் கறுப்புப் பெயின்டைப் பனிபோல லேசாக ஊதிவிட்டுத் தேய்த்தாய். கறுப்பு போகாமல் எங்கே நிற்கிறதோ அங்கே பள்ளம். பழைய வேட்டித் துணியைக் கைக்கும் தகரத்துக்கும் நடுவில் போட்டுத் தடவச் சொன்னாய், வெறும் கையில் தெரியாத மேடு பள்ளம் அப்போதுதான் தெரியுமாம். தடவினேன். எனக்குத் துணிதான் தெரிந்தது.

"காஞ்ச பாலாறு மாதிரி மேடும் பள்ளமுமா கெடக்குது, உனக்குத் தெரியல? நீயெல்லாம் எப்டிப்பா சாயம் போடுற?"

வெள்ளிக்கிழமை வந்தது. சந்தன நிறம் என் மகள் தேர்ந்தெடுத்தது. தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, வண்டியைக் கடைசித் தடவையாகத் துடைத்துவிட்டு நீ ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினாய். "வந்து கலர் அடிக்கிறேன். பூனை கீனை ஏறாம பாத்துக்க. நீயும் கை வெக்காத" என்றாய். பூனை ஏறவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம், உனக்கும் தெரியும். தொட்டியின் விளிம்பில் குங்குமம் வைக்காமல் அடுப்பைப் பற்றவைக்கமாட்டோம். நிறம் ஏறுவதற்கு முன்னால் பொட்டு ஏறவேண்டும். மகள் போகப்போகிற வண்டி, ராகுகாலம் முடிந்துவிட்டது, மூன்று மணிக்கு எமகண்டம் வந்துவிடும். சட்டைப்பையில் அம்மன் கோயில் குங்குமம் இருந்தது. பானட்டுக்கு நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். பிறகு துண்டின் நுனியால் துடைத்தேன், சுத்தமாகப் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

நீ வந்து அடித்தாய். ஸ்ப்ரே கன்னை ஒரே சீராக, ஒரே தூரத்தில், வண்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோனதை நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் நிறமில்லாத கிளியர் ஏறியதும் வண்டி ஈரமாக நின்றது. நீ முகமூடியைக் கழற்றிவிட்டுச் சின்னப் பையன்போலச் சிரித்தாய்.

திங்கட்கிழமை பானட்டின் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. ரூபாய்க் காசு அளவு.

குனிந்து பார்த்தாய், எட்டி நின்று பார்த்தாய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாய். "எனக்குத்தான் அப்டித் தெரியுதா? நீ சாயக்காரன், நீ சொல்லு. இது செவப்பா இருக்குதா?"

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டுப் புடவையில் சிவப்புக் கரை ஓடிப்போய் உடலில் இறங்குவதைப் பார்த்துப் பயந்தே வாழ்க்கையை ஓட்டியவன் நான். இருந்தும் நான் சொன்னது என்ன தெரியுமா? "வெயில்ல அப்டித் தெரியுதுபா." ஷெட்டுக்குள் வெயிலே இல்லை.

இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் வரவில்லை. சொன்னால் நீ காறித் துப்புவாய், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய் என்று பயம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப்போகிற வயதில் இப்படி ஒரு பயம். புதன்கிழமை காலையில் என் மனைவிதான் சொன்னாள், கன்னுக்குக் காற்றுக் கொடுக்கிற கம்ப்ரசரை எடுத்துக்கொண்டுபோக நீ பழைய இரும்புக்காரரை வரச்சொல்லியிருக்கிறாய் என்று. "அண்ணனுக்குக் கை போச்சாம்ங்க. கலர் கலக்கறதுல தப்பு பண்ணிட்டாராம். அண்ணி அழுவுறாங்க." சைக்கிளை எடுத்தேனா, ஓடினேனா என்று நினைவில்லை.

நீ ஸ்டூலில் உட்கார்ந்து கன்னைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாய். விற்கிற பொருளைத் துடைப்பதுபோல.

"பாய், அது குங்குமம். நான் வெச்சேன். நீ தொழுகைக்குப் போனப்ப."

நீ நிமிரவே இல்லை. "ரெண்டு நாளா நான் சோறு துன்னல, தெரியுமா?" என்றாய்.

"தெரியாது."

"செவப்பு ஓடும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம்?"

நீ எழுந்து, காலில் இருந்த செருப்பில் ஒன்றைக் கழற்றினாய். அடிக்கத்தான் போகிறாய் என்று கன்னத்தைக்கூடக் காட்டினேன், பாய். நீ கத்தியை எடுத்து அதை இரண்டாக அறுத்தாய். விரல் பக்கம் உனக்கு, குதிகால் பக்கம் எனக்கு. அதில் வாட்டர் பேப்பரைச் சுற்றிக் கையில் கொடுத்தாய். "புடி. தகரம் தெரியற வரைக்கும் தேய்."

மூன்று நாள் தேய்த்தோம். முதல் நாள் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாள் திட்டினாய், அது எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தபோது, "போதும் உடு. நீ தேய்ச்சது எங்கன்னு இப்பவே தெரியுது, கண்ணு இல்லாதவனுக்கும் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் தேய்த்த இடத்தையெல்லாம் நீ மறுபடி தேய்த்தாய்.

இரண்டாம் முறை பானட்டுக்கு நிறம் அடிக்கும் முன் நீயே கேட்டாய். "எங்க உன் குங்குமம்? மொதல்லயே சொல்லியிருந்தா எடம் காட்டியிருப்பேன்ல. அதோ அங்க கழட்டி வெச்சிருக்கேன் பாரு கண்ணாடி, அதுல வை. கண்ணாடி எதையும் குடிக்காது." வைத்தேன். நான் கும்பிட்டு முடிக்கும்வரை கன்னைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாய்.

அது காய்ந்து, கிளியரை மறுபடி பொடி வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டுப் பசை தேய்த்து, பாலிஷ் போட்டாய். கடைசியில் டியூப்லைட்டைப் போட்டு அதன் பிம்பம் பானட்டில் கோணாமல் விழுகிறதா என்று பார்த்தாய். கரைக் கோடு மாதிரி நேராக விழுந்தது. கல்யாணத்தன்று என் மைத்துனன் கதவில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கினான். நீ ஓடிவந்து, "சார், கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, நல்லாத் தெரியும்" என்றாய். பழைய இரும்புக்காரர் அப்புறம் உன் ஷெட் பக்கம் வரவில்லை. போன மழைக்காலம் வரைக்கும் அந்தக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீ கண்ணை மூடிய வாரத்தில்தான் நின்றது.

நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். ஆனால் இப்போதெல்லாம் பட்டறையில் ஒரு சிட்டம் நூலில் சிவப்பு ஓடினால், நெசவாளருக்கு அன்றைக்கே போன் போட்டு "தப்பு என்னுது" என்று சொல்லிவிடுகிறேன். அவர் கைத்தப்பு என்று அவரே ஒரு இரவுகூட நினைக்கக்கூடாது.

பதினோரு மணிக்குப் பூஜை. தொட்டி, தராசு, அடுப்பு, என் மூக்குக்கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. வண்டிக்குக் கண்ணாடியில் மட்டும். பலகையில் அந்த அரைச் செருப்பையும் கொண்டுபோய் வைத்தேன்.

"செருப்புக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானா? பாக்கறவங்க சிரிக்கமாட்டாங்க?"

"உங்கண்ணன் அறுத்துக் குடுத்தது" என்றேன்.

அவள் அதைக் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கழுவி, முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். சந்தனம் தொட்டாள், அதன் மேல் கட்டைவிரலை அழுத்திக் குங்குமம் வைத்தாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ரப்பர் குங்குமத்தை நன்றாகக் குடித்துவிட்டது, பாய். தேய்க்கப்போவதில்லை.