சுன்னிவா விட்டுப்போன வேலை

ஸ்டுர்நெஸ், வட நார்வே,
மார்ச் 9

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? த்ரோன்ஹெய்முக்குப் போன பிறகு கை மரத்துப்போவது குறைந்திருக்கிறது என்று உன் அக்கா சொன்னாள். இந்தக் குளிர்காலத்தில் என் காதில் விழுந்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

நீ விட்டுப்போன நர்ஸ் வேலைக்கு டென்மார்க்கிலிருந்து பிர்கிட் என்றொருத்தி வந்தாள். கெட்டிக்காரி. பள்ளிக்கூடம், கர்ப்பிணிகள், மீன் தொழிற்சாலை ஆட்கள் எல்லாம் அவள் ஒருத்தி தலையில். சூரியன் தலைகாட்டாத டிசம்பரில் என் அறைக்கு வந்து, "இது மூணு பேர் பாக்குற வேலை, டாக்டர். எனக்கு உக்காந்து அழக்கூட நேரமில்ல" என்றாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. அதிலிருந்து சுகாதார நிலையம் பூட்டியே கிடக்கிறது.

அடுத்ததை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஊன்னியின் குழந்தை போய்விட்டது. பிறந்து ஐந்தே வாரம். கக்குவான் இருமல். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே போட வேண்டிய தடுப்பூசிக்காக அவள் இரண்டு முறை வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். மருந்து உள்ளே குளிர்பெட்டியில்தான் இருந்தது; அவள் வந்துபோனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தையின் உடம்பு நீலம் பாரித்த அன்று புயல். ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. என் கையில்தான் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஊராட்சித் தலைவர் தோர்லைஃப் கேக் டப்பாவோடு வந்தார். "சுன்னிவாவுக்கு நீ ஒரு வரி எழுதினா போதும், போர்கில்ட், அவ ஓடி வந்துடுவா. வீடும் சும்மாவே தர்றோம்" என்றார். கூட ஓர் ஆள் போடுவீர்களா என்று கேட்டேன். "முதல்ல அவ வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஆறு வருஷமாக நீ துணைக்கு ஆள் கேட்டபோதெல்லாம் வந்த அதே 'அப்புறம் பாத்துக்கலாம்'. கேக்கை நான் திறக்கவில்லை.

ஊன்னிக்கு உன்மேல் கோபமில்லை. "சுன்னிவா இருந்திருந்தா வீட்டுக்கே வந்து, நாலு திட்டு திட்டிட்டு ஊசி போட்டிருப்பா" என்று மட்டும் சொன்னாள். இதைப் படித்ததும் நீ பெட்டியைக் கட்டத் தொடங்குவாய், எனக்குத் தெரியும். கட்டாதே. உன்னோடு நிற்க இன்னொருவர் வந்து சேரும்வரை இந்தப் பக்கம் வராதே. தோர்லைஃப் நேரில் வந்து கெஞ்சினாலும் வராதே. நானே போனில் அழுதாலும் வராதே.

உன் உடம்பு முழுதாகத் தேறட்டும்.

உன்
போர்கில்ட்