ஓட்டைப்பல் வரைந்த படம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மடத்தில் எல்லாரும் உன்னை மதர் என்கிறார்களாம். நான் அப்படி எழுதினால் உனக்கே சிரிப்பு வரும், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

திருச்சபையின் சமூகப் போதனையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய், விவரமாக எழுது, இங்குள்ள சிஸ்டர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். என் ஞாயிறு வகுப்பில் பதினொரு பிள்ளைகள். எல்லாருக்கும் ஏழு, எட்டு வயது. இந்த வருடம் முதல்தடவையாக நற்கருணை உட்கொண்டு புதுநன்மை வாங்கப் போகிறவர்கள். 'மனித மாண்பு' என்று பலகையில் எழுதினால் கொட்டாவிதான் வரும். அதனால் ஒரு புதுச் சட்டையைக் கொண்டுபோய், இது கடைக்கு வரும் முன் எத்தனை பேர் கை பட்டிருக்கும் என்று கேட்டேன். பஞ்சு பறித்தவர், நூல் நூற்றவர், சாயம் போட்டவர், தைத்தவர், லாரி ஓட்டியவர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். பட்டனுக்கு ஓட்டை போட்டவரைக்கூட விடவில்லை. இதில் எந்தக் கை கடவுளுக்குப் பிடிக்கும் என்றேன். எல்லாக் கையும் என்று கத்தினார்கள். ஒரு வாலு மட்டும், “கழுவாத கையுமா டீச்சர்?” என்றது.

மனிதனுக்காகத்தான் வேலை, வேலைக்காக மனிதன் இல்லை என்று சொன்னேன். கடவுளே ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்றேன். “கடவுளுக்கே லீவு உண்டா? எங்கப்பாவுக்கு இல்லியே!” என்றான் லாரி டிரைவர் மகன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டில் யாராவது வேலை செய்யும் இடத்தை அடுத்த ஞாயிறு வரைந்து வாருங்கள், கோவில் பின்சுவரில் ஒட்டலாம் என்று அனுப்பிவைத்தேன்.

இதுவரை சிஸ்டர்களுக்கு வாசித்துக் காட்டு. இனி உனக்கு மட்டும்.

ஆலையில் நான் சூப்பர்வைசராகப் பார்க்கும் தையல் வரிசையில் நாற்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு மஞ்சள் அட்டை. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், கறுப்புக் கயிற்றில் கோத்தது. அதை மாட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்து என்னிடம் கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். ஒருமுறை தொலைந்துபோனதிலிருந்து என் கழுத்திலேயே போட்டுக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக இதை உனக்கு நான் எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

என் வகுப்பில் ஒரு குட்டி உண்டு. முன்பல் இரண்டும் விழுந்திருப்பதால் எல்லாருக்கும் அவள் ஓட்டைப்பல். அவள் அம்மா என் வரிசையில் காலர் தைக்கிறாள். போன மாதம் ஒருநாள் அட்டை கேட்டு வந்து நின்றாள். அட்டை வெளியே போயிருந்தது. இரண்டு நிமிடம் பொறு என்றேன். மறுபடி வந்தாள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவள் வரவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. போகும்போது இடுப்பில் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டியிருந்தாள். தரையைத் தானே துடைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டு வருவதில்லை. அட்டையும் கேட்பதில்லை.

அம்மா வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பாள் போல, ஓட்டைப்பல் வரைந்து வந்தது அதைத்தான். வரிசையாக மெஷின்கள். ஒரு பெண் காலோடு காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள். எதிரே மேசையில் நான். அன்று வெளியே போயிருந்த அட்டை, படத்தில் என் கழுத்தில் மஞ்சள் சதுரமாகத் தொங்கியது. என் புடவைக் கரைகூட அப்படியே இருந்தது.

பத்துப் படங்களை ஒட்டினேன். அதை மட்டும் பைக்குள் வைத்துவிட்டேன். பூசை முடிந்ததும் சுவரில் தேடிவிட்டு என்னிடம் வந்தாள். பசை கொட்டிவிட்டது என்றேன். “பரவால்ல டீச்சர், வேற வரைஞ்சு தரேன்” என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

போன ஞாயிறு புதுப் படம் கொண்டுவந்தாள். அதில் நிற்கிற பெண் இல்லை. எல்லாரும் உட்கார்ந்து தைக்கிறார்கள். கழுத்தில் அதே மஞ்சள் சதுரத்தோடு நான் வாய்கொள்ளாமல் சிரிக்கிறேன். “நீங்க சிரிக்கிற மாதிரி போடுன்னு அம்மாதான் சொன்னாங்க. இத ஒட்டுவீங்கல்ல?” என்றாள். ஒட்டினேன்.

எங்கள் ஆலை முதலாளியும் இதே பங்குக் கோவிலைச் சேர்ந்தவர்தான். வகுப்பு நடக்கும் அறைக்கு மின்விசிறி போட்டுக்கொடுத்தவர். பூசை முடிந்து அவரும் ஃபாதரும் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் இருக்கும் படத்தின் முன்னால் ஃபாதர் நின்றுவிட்டார். “அட, நம்ம டீச்சரு! கழுத்துல உத்தரியத்தைக்கூட விடாம போட்டிருக்கா பாருங்க. கலர்தான் மாறிப்போச்சு” என்று சிரித்தார். மாதாவின் உத்தரியமும் கயிற்றில் தொங்கும் சதுரம்தானே அக்கா, அவர் மேல் தப்பில்லை. முதலாளியும் சிரித்தார். அது என்னவென்று அவருக்குத் தெரிந்ததா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இல்ல ஃபாதர், அது வந்து” என்று ஓட்டைப்பல் ஆரம்பித்தாள். பின்னாலிருந்து அவள் அம்மாவின் கை தோளை அழுத்தியது. பிள்ளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான், “ஆமா ஃபாதர், உத்தரியம்தான்” என்றேன்.

ஃபாதரிடம் உண்மையைச் சொல்லேன் என்பாய். நல்ல மனிதர். கேட்ட கையோடு முதலாளியிடம் போய் நிற்பார். மறுநாளே யார் சொன்னது என்று தேடுவார்கள், முதலில் வெளியே போவது காலர் தைப்பவளாகத்தான் இருக்கும். வேலையை விட்டுவிடு என்பாய். வீடு ஆலையுடையது. என் வீட்டுக்காரருக்கும் வேலை அங்கேதான். நான் போனால் அட்டை அடுத்த வரிசைக்காரன் கைக்குப் போகும். அவன் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லி அனுப்புகிறவன். இப்படி ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு அதே நாற்காலிக்கு வந்து உட்காருகிறேன். இதில் எது காரணம், எது சாக்கு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

விஷயம் இது இல்லை அக்கா. இனிதான் சொல்லப் போகிறேன்.

அன்று எல்லாரும் போன பிறகு ஓட்டைப்பல் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், ஃபாதர் தப்பா சொன்னப்ப நான் சும்மா இருந்துட்டேனே, அது பொய்யா? பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லணுமா?” என்று கேட்டாள். நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கணக்கில் டீச்சர் பாவம் செய்ய மாட்டாள் போலிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு, கையில் ஏந்தித் தண்ணீர் குடித்துவிட்டு ஓடினாள்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். சொல்ல வேண்டாம் என்றால், சட்டையைக் காட்டிச் சொன்னதெல்லாம் வெறும் கதை என்று அவளுக்கு நானே கற்றுக்கொடுத்தது போலாகும். சொல் என்றால், அந்தக் குட்டி முழங்காலிட்டு என் பாவத்தைத் தன் பாவமாகச் சொல்லி, அதற்கு அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லிவிட்டு வருவாள்.

அன்று பிள்ளைகளுக்கு முன்னால் டீச்சர்களும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்று ஃபாதர் அறிவித்திருக்கிறார். நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

முதல் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டில் வைக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் கை வரவில்லை. பத்திரமாக வைத்திரு. நான் திருப்பிக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் அனுப்பு. கடிதம் கிடைத்ததும் போன் செய். ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். பக்கத்தில் அவர் இருப்பார், அவருக்கு எதுவும் தெரியாது. அதனால் அவளிடம் என்ன சொல்லட்டும் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லு. நான் என்ன செய்ய வேண்டும் என்பதை உன்னிடம் கேட்கவில்லை.

வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கிருந்தாலும் எங்கள் இரண்டு பேருக்காகவும் வேண்டிக்கொள். முதலில் அவளுக்கு.

உன் அன்புத் தங்கை