கவுன்சிலர் பக்கத்தில் ஒரு வரி

15-11-99, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சாக்ஸ் காயவில்லை, ஈரத்தோடே பள்ளிக்கு. அல்ஜீப்ரா பரவாயில்லை. கடைசிக் கணக்கு மட்டும் அவசரத்தில் தப்பு.

கம்ப்யூட்டர் ரூமில் என் வரி மறுபடியும் காணோம்.

பிற்காலத்தில் மறந்துவிடக்கூடும், எழுதி வைக்கிறேன். லலிதா மிஸ் ஆரம்பித்த குழு. எட்டுப் பேர், எல்லோரும் ஒன்பதாவது. மயிலாப்பூருக்கு இணையத்தில் ஒரு தகவல் களஞ்சியம். கோயில், குளம், மாடவீதிக் கடைகள், முக்கியப் புள்ளிகள். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி திருத்தலாம். ஆனால் திருத்த நோட்டில் பதிய வேண்டும்: என்ன, ஏன், ஆதாரம், கையெழுத்து. சனி மதியம் மிஸ் ஃப்ளாப்பியோடு எச்.எம். ரூமுக்குப் போய், ஃபோன் வயரைக் கழற்றி மோடத்தில் செருகி எல்லாவற்றையும் அனுப்புவார். அதுவரை எச்.எம். யாரோடும் பேச முடியாது.

நான் எழுதியது கவுன்சிலர் ராஜமாணிக்கத்தைப் பற்றி: "எங்கள் தெரு வாசகசாலையை இடித்தார். மறுபடி கட்டவில்லை."

நோட்டில் இன்றைய பதிவு: "வாசகசாலை வரி நீக்கம். ஏன்: நல்லா இல்லை. ரா. பூங்கொடி." அந்த இடத்தில் அவள் போட்டது: "ஏழை எளியோரின் தோழர்."

பூங்கொடி அவர் மகள். என் பெஞ்சுக்கு முன் பெஞ்சு.

16, செவ்வாய்

வரியைத் திரும்பப் போட்டேன். மதியம் எடுத்துவிட்டாள். மூன்று மணிக்குப் போட்டேன். மூன்றேகாலுக்கு இல்லை.

"உனுக்கு இன்னாடி பிரச்சனை? எங்கப்பா உன்ன இன்னா பண்ணாரு?"

"என்னை ஒண்ணும் பண்ணலை."

லலிதா மிஸ் நோட்டைப் பார்த்துவிட்டு: "வைதேகி, ஆதாரக் கட்டத்துல ‘எனக்குத் தெரியும்’னு எழுதியிருக்கே. அது ஆதாரமாம்மா? எழுத்துல இருந்தா கொண்டு வா. இல்லேன்னா வரி கிடையாது."

எழுத்தில் இல்லாதது: போன வருஷம் வாசகசாலையை மறுபடி கட்டக் கேட்டு அம்மா மனு எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனாள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். இடிக்கும்வரை, தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அம்மா வாசகசாலையில்தான் இருப்பாள். தனக்காக அவள் வெளியே போன ஒரே இடம் அது. மனுவை அவர் பிரிக்கக்கூட இல்லை. "இன்னாம்மா, வூட்ல சோறு ஆக்கிட்டியா? வூட்டுக்காரரு பட்டினியா? போம்மா, போய் ஒலையப் பாரு." சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

அம்மா மனுவைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்தாள். அன்றிலிருந்து அவர் ஆபீஸ் தெரு வழியாகப் போவதில்லை. காய்கறிக்கும் சுற்றிக்கொண்டு போகிறாள்.

விடமாட்டேன். விடவே மாட்டேன்.

17, புதன்

மழை விட்டது. பள்ளி முடிந்து நேரே வாசகசாலை மனை. ஆமணக்குச் செடி, உடைந்த கம்மோடு, ஒரு பூனை. முனையில் முனியம்மாவின் இஸ்திரி வண்டி.

செடிக்குள் ஒரு கல். அடிக்கல்! அவர் பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில். எழுதிக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, கல்லப் போயி எய்திக்கினு கீற?"

"ஸ்கூலுக்கு அக்கா."

"அப்ப இன்னொண்ணு செவுத்தாண்ட சாஞ்சிக்கினு கீது பாரு. மூணாவது இந்தா, என் கரி மூட்டைக்குக் கீய. மூட்ட நனையாம இருக்கும்னு வச்சேன்."

மூட்டையை நகர்த்திக் காட்டினாள். மூன்று கல். அதே வாசகசாலை, அதே பெயர், வருஷம் மட்டும் வேறு வேறு.

"மொத ரெண்டு தபா லட்டு குடுத்தாங்கோ. மூணாவது தபா பூந்தியாப் பூட்ச்சு," என்றாள் முனியம்மா.

மூன்று தேதியையும் இரண்டு தடவை எழுதிக்கொண்டேன். சந்தோஷத்தில்.

18, வியாழன்

திட்டவில்லை. குறையே சொல்லவில்லை. இவ்வளவுதான்:

பொதுப்பணிகள்
1. வாசகசாலைக்கு அடிக்கல் நாட்டினார்.
2. அதே மனையில் அதே வாசகசாலைக்கு அடிக்கல் நாட்டினார்.
3. அதே மனையில் அதே வாசகசாலைக்கு அடிக்கல் நாட்டினார்.

ஒவ்வொன்றிலும் கல்லில் உள்ள தேதி. ஆதாரம்: கல்வெட்டு, நேரில் பார்த்து எழுதியது.

பூங்கொடி முதல் வரியைப் பார்த்துச் சிரித்த முகமாக இருந்தாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் மிஸ்ஸிடம் ஓடினாள். மிஸ் ரொம்ப நேரம் படித்தார். "கல்லுல இருக்கே பூங்கொடி. எதைன்னு எடுக்கறது?" மிஸ்ஸின் உதட்டோரம் ஏதோ. சிரிப்பை அடக்கினாரோ?

மதியச் சாப்பாடு தயிர்சாதம். தேவாமிர்தம் மாதிரி இருந்தது.

20, சனி

பக்கம் ஏறிவிட்டது. ஆனால் எங்கள் வார்டில் இன்டர்நெட் பார்ப்பவர் யார்? ஒருத்தரும் இல்லை. ஆகவே பிரிண்ட் அவுட். டாட் மேட்ரிக்ஸில் கரகரவென்று இரண்டு காப்பி. வீட்டில் மைதா பசை காய்ச்சி, மனைச் சுவரில் ஒன்று, டீக்கடைத் தட்டியில் ஒன்று.

"மைதா எங்கடி போச்சு?" – அம்மா.

"பிராஜெக்ட்மா."

பொய் இல்லை.

21, ஞாயிறு

ரிப்பன் வாங்கப் போகிற சாக்கில் டீக்கடைப் பக்கம் இரண்டு முறை. ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கடைசி வரியை மட்டும் கோரஸாகச் சொன்னார்கள். அப்போது அவருடைய ஜீப் வந்தது. யாரோ கேட்டார்கள்: "தலைவரே, நாலாவது எப்போ? லட்டா, பூந்தியா?"

ஜீப் நிற்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

22, திங்கள்

தூறல். பூங்கொடி தண்ணீர்க் குழாயருகே மறித்துக்கொண்டாள். கண் வீங்கி இருந்தது.

"எடுத்துருடி, ப்ளீஸ். அப்பா நேத்துலேந்து சாப்பிடல. வெளியவே போகல."

"கட்டடம் கட்டச் சொல்லு. எடுத்துடறேன்."

"அவரு வேணும்னு பண்ணலடி. ஒவ்வொரு தபாவும் மேல நிறுத்திடறாங்க." சுற்றும் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி: "வாசகசாலை புக்கெல்லாம் பத்திரமா கீது தெரியுமா? எங்க வூட்டு ஷெட்ல, பதினோரு மூட்டை. மழைக்கு நான்தான் தார்ப்பாய் போட்டு மூடறேன். கரையான் வந்தப்ப நான்தான் மருந்து அடிச்சேன். நீ அந்த மூணு வரிய எடு. வியாழக்கெழம அப்பா ஊர்ல இல்ல, டிரைவரண்ணன வச்சு எல்லா மூட்டையும் உங்க வூட்டுக்கே அனுப்பிடறேன். யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?"

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மாலை, வீடு. அம்மா பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பரைப் பிரித்து, எண்ணெய்க் கறையோடு ஒரு தொடர்கதையின் பாதியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மூட்டை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், புத்தகம் வந்தால் போதும் என்பாள். எனக்குப் போதாது.

23, செவ்வாய்

ஹிந்தி டெஸ்ட் தள்ளிவைப்பு. வெயில்.

கம்ப்யூட்டர் ரூமில் பூங்கொடி முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் பக்கத்தைத் திறந்தேன். மூன்று வரிகளையும் எடுக்கவில்லை. அடித்தது:

4. வாசகசாலையின் நூல்கள் பதினோரு மூட்டைகளாக அவர் வீட்டு ஷெட்டில் உள்ளன.

நோட்டில் ஆதாரக் கட்டம். எழுத்தில் ஒன்றும் இல்லை; அந்த வீட்டு ஆளே சொன்னது என்றால் மிஸ் விடுவார். எழுதினேன்: பூங்கொடி.

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். விரலை வைத்து, மெதுவாக. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நோட்டை என் முன்னால் தள்ளினாள்.

"இனிஷியல் வுட்டுட்ட," என்றாள். "போடு."

ரா. என்று சேர்த்தேன்.