வெள்ளை நூல் மூட்டை

மார்ச் 3, செவ்வாய்

இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். அறுபத்தொன்பது வயதில் எனக்கு என்ன அவசரம்? இன்று பேருந்தின் நெற்றிப் பலகை, மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டுக் கதவில் “நாய் உண்டு” எல்லாம் படித்தேன். வீட்டுக்காரி சொல்கிறாள்: “கண்ணுல பட்ட எழுத்தையெல்லாம் மேயறீங்க. சோத்தையும் கொஞ்சம் மேயுங்க.”

மார்ச் 5, வியாழன்

வேலை பார்க்கும் செடி நர்சரியில் மண் பரிசோதனைத் தாளை நானே படித்தேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாற்பது வருஷமாக இரண்டு பங்கு மண், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய உரம், மேலே வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள் என்று என் கையால் கலக்கிறேன். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெயர் தெரியாமலே இவர்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

மார்ச் 9, திங்கள்

எப்படி எழுதுவது?

கொட்டகையில் மண்வெட்டிகளுக்கு அடியில் ஒரு பழைய மூட்டைப் பை விரிந்து கிடக்கிறது. கிளிப் படம் போட்டது. எழுத்தைப் பார்த்ததும் ஆசையாகக் குனிந்தேன். “கழுவாத நார்த்தூள். உப்பு உண்டு. மூன்று முறை கழுவிய பின் பயன்படுத்தவும்.” பையின் வாயில் வெள்ளை நூல்.

அந்தக் காலத்தில் எனக்கு எழுத்து தெரியாது, நூல்தான் தெரியும். சிவப்பு நூல் என்றால் கழுவாதது. கூட வேலை பார்த்த என் தம்பி தொட்டியில் போட்டுக் கழுவுவான். வெள்ளை நூல் என்றால் கழுவியது. நான் நேராகக் கலவையில் கொட்டுவேன். கிளி மூட்டை ஒரே ஒரு தடவைதான் வந்தது. வேறு கம்பெனி, வேறு நூல் கணக்கு. வெள்ளை நூலைப் பார்த்து நேராகக் கொட்டிவிட்டேன். அந்தத் தடவைதான் இரண்டாயிரம் கன்றுகள் இலை ஓரம் கருகிச் செத்தன.

பெரிய முதலாளி கேட்டபோது, தம்பி சரியாகக் கழுவவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். என் கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னேன். பார்க்கவில்லை. நான் தப்பே செய்திருக்க மாட்டேன் என்று அத்தனை நிச்சயம்.

அன்றே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பி பேச்சில்லை.

மார்ச் 10

சோறு இறங்கவில்லை. படிக்காமலே இருந்திருக்கலாமோ?

மார்ச் 11, புதன்

சின்ன முதலாளியிடம் சொன்னேன். அப்போது அவர் இங்கே இல்லை, வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டு, அப்பாவே போய்ச் சேர்ந்தாச்சு, இனி யாருக்கு என்ன என்றார். யாருக்கு என்ன? எனக்குத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. துணிக்கடையில் காவலாளியாக இருக்கிறானாம். வாசல் நடையில் மற்ற வீடுகளுக்கு முன்னால் தொட்டிச் செடிகள். அவன் வீட்டு முன்னால் வெறும் தரை. தலை முழுக்க நரைத்திருக்கிறான். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. கன்னு கருகினப்புறம் மூட்டையை நான் படிச்சேன்.”

“அப்ப ஏன்டா சொல்லல?”

“சொன்னா, உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோகும். நீ கூட்டத்துல தாள வாங்கிப் படிக்கற மாதிரி பார்ப்பியே. அத உடைக்க மனசு வரல.” கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: “ஆனா, கண்ணால பார்த்தேன்னு சொன்னே பாரு.”

கதவைச் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான். அதுதான் தாங்கவில்லை.

தம்பி மனைவி படிக்கட்டு வரை வந்தாள். “அதுக்கப்புறம் அவர் மண்ணையே தொடல மாமா. ஒரு துளசிச் செடி வைக்கலாம்னாகூட வேண்டாம்பார்.”

கீழே இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 21, சனி

வீட்டில் ஒரு தொட்டிக்கு மண் கலந்தேன். நார்த்தூளை மூன்று தடவை கழுவினேன். பிறகு நான்காவது தடவை. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பில்லை. எதற்கு என்று வீட்டுக்காரி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் உரம் அள்ள, அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

செடி அவன் நடட்டும் என்று, மண் மட்டும் நிரப்பிய தொட்டியை அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாடி, ஒன்பது இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ சத்தம் கேட்டது.

மார்ச் 29, ஞாயிறு

தொட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது. மேல் மண் காய்ந்து வெடித்திருந்தது. மணி அடிக்காமல் திரும்பினேன். இன்று ஒரு பெயர்ப்பலகைகூடப் படிக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

போக வேண்டாம் என்று நினைத்தேன். கால் போய்விட்டது. தொட்டியில் செடி ஒன்றும் இல்லை. கதவும் சாத்தித்தான் இருந்தது. ஆனால் மண் ஈரமாக இருந்தது. மேலே ஈரச்சாக்கு ஒன்று நாலாக மடித்துப் போர்த்தியிருந்தது.

செடியில்லாத மண்ணுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். புதுக் கலவையைப் பதினைந்து நாளாவது இப்படி நனைத்து மூடி வைத்தால்தான் புண்ணாக்கின் சூடு அடங்கும், வேர் வெந்து போகாது. அதைத் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருத்தன்தான்.

சாக்கை இருந்தபடியே மடித்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு போவேன்.