ஓய்வு என்று எழுதிய வியாழக்கிழமைகள்

இன்று காலை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் ஒருத்தி கெண்டைக்காலில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டு வந்தாள். வாசனை என் சீட்டு வரை வந்தது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, தையல் கடைக்கு நடந்தே போனேன். அதே தைலத்தை உன் கால்களில் எத்தனை நாள் தேய்த்திருக்கிறேன். நல்ல வாசனை என்றுகூட அப்போது நினைத்தேன்.

நம் ஊருக்கு அந்த ஓட்டக் கோச் வருவதற்கு முன்னால் நாம் ஓடியது வேறு விதம். வாய்க்கால் மதகிலிருந்து மெயின்ரோட்டுப் பாலம், திரும்பி மதகு. வாட்ச் கிடையாது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், நீ பத்தாவதோடு. விடிந்ததும் எங்கள் வேலியோரம் நின்று, "ஏய் ஊமச்சி, வரியா இல்லையா?" என்பாய். ஓடும்போதும் உன் வாய் மூடாது. "நான் சொல்றதுக்கு ஊம் கொட்டிக்கிட்டே வா. ஊம் வரலன்னா மூச்சு வாங்குது, மெதுவா போலாம்" என்பாய். கால் வலித்தால் அன்றைக்கு நடப்போம். அவ்வளவுதான் நம் பயிற்சி.

அவர் வந்து உன் கையில் ஓர் அட்டவணையைக் கொடுத்தார். எந்த நாள் எத்தனை ரவுண்டு, நடுவில் எத்தனை நொடி நிற்க வேண்டும், நாடி எவ்வளவு துடிக்க வேண்டும், எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. வியாழனும் ஞாயிறும் ஓய்வு. "இஷ்டத்துக்கு ஓடறது ஆடு மாடு. இது சயின்ஸ்" என்றாராம். "நாம ஆடு மாடாம்டி" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

உன் நேரம் குறைந்தது உண்மைதான். அவர் ஷூ வாங்கிக் கொடுத்ததும் உண்மைதான். மாவட்டத்தில் ஜெயித்து மேலே போனால் போலீஸ் வேலை கிடைக்கும் என்று அவர் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். உங்கள் குத்தகை நிலத்தைப் பிடுங்க ஓனர் கேஸ் போட்டிருந்தார். ஒருமுறை டிராக்டரையே இறக்கினார். ஆட்சி மாறினால் அவர் பக்கம் நிற்பவர்களின் துண்டில் கரை மட்டும் மாறும். "காக்கி போட்டுக்கிட்டு வந்து வரப்புல நிக்கிறேன், எவன் டிராக்டர விடுறான்னு பாக்கலாம்" என்பாய்.

அந்த ஐப்பசியில் உங்கள் வயலில் நட ஆள் வரவில்லை. ஓனருக்குப் பயந்தார்கள். ஒரு போகம் தரிசாகக் கிடந்தாலும் நிலத்தை விட்டுவிட்டீர்கள் என்று கோர்ட்டில் சொல்வார்கள். அதனால் வியாழனும் ஞாயிறும் உன் அம்மாவோடு நீயும் சேற்றில் இறங்கினாய்.

அட்டவணையோடு, ஒவ்வொரு நாளும் செய்ததை எழுதிவைக்க ஒரு நோட்டும் உண்டு. உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று நான்தான் அதை எழுதுவேன்.

"இன்னைக்கு என்னடி எழுதட்டும்?"

"ஓடலல்ல? அப்ப ஓய்வுதான்."

நம் இரண்டு பேருக்குமே அதில் தப்பு தெரியவில்லை. நாளெல்லாம் குனிந்து நடுவதை யார் நோட்டில் எழுதுவார்கள்? குண்டு குண்டாக 'ஓய்வு' என்று எழுதினேன்.

நான்காவது வாரம் கெண்டைக்கால் வலி வந்தது. கூடவே காய்ச்சல். கோச் அட்டவணையையும் நோட்டையும் புரட்டினார். "நாலாவது வாரம் வலிக்கும்னு போட்டிருக்கு பாரு. ரெஸ்ட்டெல்லாம் கரெக்டா எடுத்திருக்க. பயப்படாத, மாத்திர போட்டுட்டு ஓடு." உன் நெற்றியில் அவர் கை வைக்கவில்லை. நான் கிரவுண்டு கேட் ஓரம் நின்றிருந்தேன். 'சார், அவ வயல்ல இறங்குனா' என்பது நாக்கு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

இன்னும் மூன்று நாள் ஓடினாய். கண் மஞ்சளான பிறகுதான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அத்தை, உன் அம்மாதான், கட்டிலை விட்டு நகரவில்லை. வராந்தாவில் நின்ற என்னிடம் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "சேத்துல வேல செஞ்சாளா?" என்பதுதான். எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரிலிருந்து பாத வெடிப்பு வழியாக ஏறுமாம். "கால் வலி வந்த அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்மா" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை.

உன் சாவுக்கு வைத்த பேனரில் உன்னைவிட ஒரு கட்சிக்காரர் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே நின்று கோச் எல்லோரிடமும், "ஷெட்யூல்ல ஒரு தப்பும் இல்லைங்க" என்றார். பதினாறாம் நாள் அவரைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்ப அவ என்னைய ஏமாத்திருக்கா. இத வெளில சொல்லிட்டுத் திரியாத."

நான் கொண்டுபோயிருந்த நோட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்து காறித் துப்பினேன். அவரை நினைத்துத்தான் துப்பினேன். ஆனால் அந்த நோட்டில் இருந்தது என் எழுத்து.

தையில் அறுப்பு முடிந்தது. நிலம் உங்கள் கையைவிட்டுப் போகவில்லை. அத்தை புது அரிசியில் சோறாக்கி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அவ கையால நட்டதுடி. சாப்புடு."

பிசைந்தேன்.

"அந்த ஓட்டந்தான் எம்பொண்ணத் தின்னுடுச்சு. பேசாம எங்கூட வயல்லயே இருந்திருந்தா உசுரோட இருந்திருப்பா."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு தப்பும் இல்லை என்ற கோச்சின் பொய் உடையும். அவளை வயலில் இறக்கியது நாம்தானே என்று அதோடு இவரும் உடைந்துபோவார். வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"இன்னுங் கொஞ்சம் போடட்டா?"

"போடுங்க அத்த."