கரி அள்ளிய பூட்டன்

அண்ணை,

இன்று வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கும்போது, நீங்கள் என் பெட்டியில் விட்டுப்போன தோல் கையுறை அகப்பட்டது. இத்தனை வருடம் கிடந்தும் கரி வாசனை போகவில்லை. அதை மூக்கருகே பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பத்தைந்தின் குளிரில், ஜெர்மனியில் கொலோனுக்கு வெளியே அந்த அகதி விடுதியில் நாம் ஒரே அறை. காலையில் விடுதிக் கொதிகலனுக்குக் கரி அள்ளுவீர்கள். மாலையில் தலைமுழுகிவிட்டு, கந்தோரில் எழுத்து வேலை என்று ஊரிலிருந்த உங்கள் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவீர்கள். கேட்டால், "துரையின்ர பரம்பரை கரி அள்ளுது எண்டு எழுத ஏலுமே?" என்பீர்கள்.

அந்தத் துரை, யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டிய உங்கள் ஆங்கிலேயப் பூட்டன். கோட்டுப் போட்ட படம் ஒன்றுதான் மிச்சம். அவருடைய ஆட்கள் யாரென்று அறியாமல் கண் மூடமாட்டேன் என்று அம்மா அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். பின்புறத்தில் 'ஹென்றி கார்ட்டர்', கீழே இங்கிலாந்தில் ஒரு ஊரின் பெயர்.

அந்த ஊர்த் தேவாலயத்துக்கு எழுதினோம். நம் வழக்கத்தில் முன்னால் நிற்பது தகப்பன் பெயர்தானே. ஹென்றியின் மகன் கார்ட்டரைத் தேடுகிறோம் என்று எழுதிவிட்டோம். அப்படி ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. அதே கிழமை, அம்மா படுக்கையில் என்று ஊரிலிருந்து கடிதம். உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அகதி அலுவலகத்தில் எனக்கு ஒரு டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. வழக்கம்போல், படிவத்தில் குடும்பப் பெயரென்று பின்னால் போட்டிருந்த என் தகப்பன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எழும்பிய என் கையைப் பிடித்து இருத்தினீர்கள்.

"தம்பி, பின்னால நிக்கிறதுதான் குடும்பப் பெயர். இவங்கள் தகப்பன் பெயரால கூப்பிட்டு உன்னைக் கொப்பராக்கிப்போட்டாங்கள். நாங்கள் கார்ட்டரைச் சொந்தப் பெயரெண்டு நினைச்சு, பூட்டனை அவற்ற மகனாக்கிப்போட்டம்."

திருத்தி எழுதினோம். இரக்கமுள்ள யாரோ பதிவேடுகளைத் துழாவி நகல் அனுப்பினார்கள். ஞானஸ்நானப் பதிவில் ஹென்றியின் தகப்பனுடைய தொழில், சுரங்கத்தில் கரி வெட்டுதல். குடிசனக் கணக்கெடுப்பில் ஹென்றி, ரயில் இயந்திரத்துக்குக் கரி போடுபவர்.

கறுத்திருந்த உங்கள் கைகளைப் பார்த்துச் சிரித்தீர்கள். "துரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கட ஆள்." அன்று குளிக்காமலே அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தீர்கள். கடுதாசியில் கரிவிரல் பதிந்தது. அம்மா எழும்பி இருந்து பதில் எழுதினார்: "அவருக்கும் முதுகு நொந்திருக்கும். நீ எண்ணெய் பூசு மகன்." எனக்கும் சேர்த்துத்தான் பூசினோம்.

போன மாதம் உங்கள் மரண அறிவித்தலை எழுத உங்கள் மகன் என்னிடம் தந்தான். 'பிரபல வர்த்தகர்' என்று போட்டேன், கடை வைத்திருந்தீர்களே. அதன் கீழே, 'அகதி விடுதியில் கரி அள்ளியவர்' என்றும் போட்டேன். உங்கள் தங்கை தொலைபேசியில் கோபித்தார்.

"இதெல்லாம் போடுறதே அண்ணை?"

"ஓம் தங்கச்சி. நாளைக்கு ஒரு பூட்டப்பிள்ளை இவரைத் தேடும். அதை நாங்கள் அலைக்கழிக்கக் கூடாது."

அந்த வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப சரி, இருக்கட்டும்" என்றார்.

கையுறையை நான் கழுவப்போவதில்லை, அண்ணை.